விரிவுரை நிகழ்த்தாத விருதாளர் – வில்ஹெல்ம் றொன்ட்ஜன்

வைத்தியசாலையில் குளிர்ந்த பலகையொன்றின் மேல் மார்பைப் பொருத்தி, மூச்சை இழுத்துப் பிடித்தபடி சில கணங்கள் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நெஞ்சிலே கட்டிய சளி, விளையாட்டில் முறிந்த கை, பிள்ளை அறியாமல் விழுங்கிய நாணயம், இவற்றுள் ஏதேனும் ஒன்று எம்மை அந்த அறைக்குக் கொண்டு சென்றிருக்கும். படம் வந்ததும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வைத்தியர் ஆராய்வார். நாமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம். அந்த வேளையில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்பவர் எவருமிலர். தாம் நினைக்கப்படாமற் போவதையிட்டு அந்த மனிதர் வருந்தியிருக்கவும் மாட்டார். ஏனெனில், புகழ் தம் வாசலுக்கு வந்தபோதெல்லாம் பின்கதவால் வெளியேற முயன்றவர் அவர்.

விஞ்ஞானத்துக்கு மகுடம் சூட்டும் நோபல் விழாவிலே, பௌதிகவியலுக்கான முதற் பரிசைப் பெற்றவர் வில்ஹெல்ம் கொன்ராட் றொன்ட்ஜன். முதன்முதலாக அப்பரிசைப் பெற்றவரே, பரிசுபெற்றோர் ஆற்றவேண்டிய விரிவுரையை ஆற்றாமல் இருந்தவருமாவார். அவரது வாழ்க்கை பெருமையைப் பற்றியும் பணிவைப் பற்றியும் நமக்குச் சில பாடங்களைக் கற்பிக்கின்றது.

பாடசாலை விலக்கிய மாணவன்

ஜேர்மனியின் லென்னெப் என்னும் சிற்றூரில், 1845ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி றொன்ட்ஜன் பிறந்தார். தந்தை துணி வணிகர். தாய் ஒல்லாந்தின் அம்ஸ்ரடாமைச் சேர்ந்த குடும்பத்தவர். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. பிள்ளைக்கு மூன்று வயதானபோது குடும்பம் ஒல்லாந்திலுள்ள அப்பல்டோர்ன் நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனிடம் மேதாவிலாசத்தின் அடையாளம் எதனையும் எவரும் காணவில்லை. கைவேலைகளிலும், வயல்வெளிகளிலும் காடுகளிலும் திரிவதிலுமே அவன் மனம் சென்றது.

உற்றெக்ற் நகரத் தொழினுட்பப் பாடசாலையில் அவர் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சம்பவம் நிகழ்ந்தது. ஆசிரியர் ஒருவரைக் கேலி செய்து யாரோ ஒரு மாணவன் படம் வரைந்துவிட்டான். வரைந்தவன் யாரென்று றொன்ட்ஜனுக்குத் தெரியும். பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தப்பட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. தோழனைக் காட்டிக்கொடுக்காத குற்றத்துக்காக அவரே பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டார்.

அன்று மூடப்பட்ட கதவு நெடுங்காலம் திறக்கவில்லை. முறையான பாடசாலைச் சான்றிதழ் இல்லாதவரைப் பல்கலைக்கழகங்கள் முழு மாணவராக ஏற்க மறுத்தன. ஆனால் சுவிற்சலாந்தின் சூரிச் பொலிரெக்னிக் அத்தகைய சான்றிதழ் இல்லாதவர்களையும் தகுதி பார்த்துச் சேர்த்துக்கொண்டது. 1865இல் அங்கு சேர்ந்த றொன்ட்ஜன், மூன்று ஆண்டுகளில் இயந்திரப் பொறியியலாளராக வெளிவந்தார். 1869இல் சூரிச் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

பேராசிரியர் ஓகஸ்ற் குண்ற் அவரைப் பௌதிகவியலின் பக்கம் திருப்பினார். குண்ற் 1870இல் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, றொன்ட்ஜனும் அவருடைய உதவியாளராகச் சென்றார். அங்கேயும் பழைய பிரச்சினை தலை தூக்கியது. பாடசாலைச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் அவருக்குக் கற்பிக்கும் உரிமை மறுக்கப்பட்டது. அதன் பின்னர் ஸ்ராஸ்பேர்க், ஹோகன்ஹைம், கீசன் எனப் பல இடங்களில் பணியாற்றிப் பெயர் பெற்றார். 1888இல் அவரைப் பேராசிரியராகவும் பௌதிகவியல் நிறுவனத்தின் தலைவராகவும் வருந்தி அழைத்தது வேறெந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. முன்னர் மறுத்த அதே வூர்ஸ்பேர்க்தான். 1894இல் அப்பல்கலைக்கழகத்தின் அதிபராகவும் அவர் தெரிவு செய்யப்பட்டார்.

இதற்கிடையில் 1872இல் பேர்த்தா லூட்விக் என்பவரை அவர் மணந்திருந்தார். பேர்த்தா சூரிச்சில் விடுதிச்சாலை நடத்தியவரின் மகள். இவர்களுக்குப் பிள்ளைப் பேறு கிட்டவில்லை. பேர்த்தாவின் சகோதரரின் ஆறு வயது மகளை 1887இல் வீட்டுக்கு அழைத்து வந்து, தம் பிள்ளையாகவே வளர்த்தனர்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. றொன்ட்ஜனுக்கு அப்போது ஐம்பது வயது. காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயொன்றினூடாக உயர் அழுத்த மின்சாரத்தைச் செலுத்தி, கதோட்டுக் கதிர்களை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயின் ஒளி வெளியே கசியாதபடி கறுத்த மட்டையால் அதனை மூடியிருந்தார். அறையும் இருட்டாக்கப்பட்டிருந்தது. மின்சாரம் பாய்ந்தபோது, சற்றுத் தொலைவில் கிடந்த திரையொன்று பச்சை நிறமாக மின்னியது. அத்திரையில் பேரியம் பிளாற்றினோசயனைட்டு என்ற இரசாயனப் பொருள் பூசப்பட்டிருந்தது. கதோட்டுக் கதிர்களோ காற்றிலே ஒருசில சென்ரிமீற்றருக்கு மேல் செல்லமாட்டா. அப்படியானால் மட்டையையும் கடந்து, அத்தனை தூரம் சென்று திரையை ஒளிரச் செய்தது எது?

இத்தகைய குழாய்களைக் கொண்டு அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் பலர் ஆய்வு நடத்தினர். அக்கதிர்கள் அவர்களுடைய அறைகளிலும் பாய்ந்திருக்க வேண்டும். கண்டும் காணாமல் அவர்கள் கடந்துபோனதை நின்று பார்த்தவர் றொன்ட்ஜன் ஒருவரே.

அடுத்த ஏழு வாரங்கள் அவர் ஆய்வுகூடத்தை விட்டு அகலவில்லை எனலாம். உணவையும் உறக்கத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டார். தாம் கண்டது மெய்தானா என்ற ஐயம் முற்றாகத் தீரும்வரை, உடன் பணியாற்றியோருக்கும் அவர் எதையும் வெளியிடவில்லை. காகிதம், மரம், ஆயிரம் பக்கங்கள் கொண்ட புத்தகம் ஆகியவற்றையெல்லாம் அக்கதிர் ஊடுருவியது. ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஈயத் தகடோ அதனை ஏறத்தாழ முற்றாகத் தடுத்தது. காந்தம் அதனைத் திருப்பவில்லை. நிழற்படத் தகட்டிலே அது பதிந்தது. எழுத்துக் கணிதத்தில் தெரியாத கணியத்தை எக்ஸ் என்று குறிப்பது வழக்கமல்லவா? இனந்தெரியாத இக்கதிருக்கும் எக்ஸ் கதிர் என்றே அவர் பெயரிட்டார்.

டிசம்பர் 22ஆம் திகதி அவர் தம் மனைவியை ஆய்வுகூடத்துக்கு அழைத்தார். பேர்த்தாவின் கை பதினைந்து நிமிடங்கள் நிழற்படத் தகட்டின்மேல் அசையாமல் இருந்தது. கழுவியெடுத்த படத்தில் விரல் எலும்புகள் தெளிவாகத் தெரிந்தன. மோதிரம் மட்டும் எலும்பைச் சுற்றிக் கரிய வளையமாக நின்றது. உயிரோடிருக்கும்போதே தம் எலும்புக்கூட்டைக் கண்ட அந்த அம்மையார், தம் சாவையே முன்கூட்டிப் பார்த்துவிட்டதாக எண்ணி நடுங்கினார் என்பர். மனிதகுலத்தின் நோய் தீர்க்க வந்த கருவி அதனை முதலிற் கண்டவருக்கு மரணத்தின் நிழலாகத் தோன்றியது.

பாராட்டுகள் பெருகின

டிசம்பர் 28ஆம் திகதி, புதிய வகைக் கதிர் பற்றிய தம் கட்டுரையை வூர்ஸ்பேர்க் பௌதிக மருத்துவக் கழகத்திடம் அவர் ஒப்படைத்தார். 1896 புத்தாண்டு தினத்தன்று, கட்டுரையின் பிரதிகளையும் சில படங்களையும் நண்பர்களான விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். வியன்னாவில் இருந்த நண்பர் ஒருவர் மூலம் செய்தி பத்திரிகைக்கு எட்டியது. ஜனவரி 5ஆம் திகதி அது முதற் பக்கத்தில் வெளியாயிற்று. ஒருசில நாட்களில் உலகமெங்கும் அதே பேச்சாயிற்று.

ஜனவரி 13ஆம் திகதி பேர்லினில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முன்னிலையில் றொன்ட்ஜன் தம் கதிரின் செயலைக் காட்டினார். பேரரசர் அவரைத் தம்முடன் விருந்துண்ணச் செய்து, பிரஷ்ய முடியின் விருதொன்றையும் அணிவித்தார். பத்து நாட்களின் பின், ஜனவரி 23ஆம் திகதி, வூர்ஸ்பேர்க்கில் பெருங்கூட்டத்தின் முன் உரையாற்றினார். பேராசிரியர்களும் அதிகாரிகளும் மாணவர்களுமாக மண்டபம் நிரம்பி வழிந்தது. எழுபத்தெட்டு வயதான உடற்கூற்றியல் மேதை அல்பேர்ட் கொலிக்கர் மேடைக்கு வந்து தம் கையை நீட்ட, அனைவர் முன்னிலையிலும் அதன் படம் பிடிக்கப்பட்டது. இனி இவற்றை றொன்ட்ஜன் கதிர்கள் என்று அழைக்க வேண்டும் என அந்த முதியவர் முன்மொழிந்தார். மண்டபம் ஆரவாரத்தால் அதிர்ந்தது.

இந்த ஆரவாரத்தின் மத்தியில் றொன்ட்ஜன் நடந்துகொண்ட விதத்தை நாம் கவனிக்க வேண்டும். தம் பெயரைச் சூட்டும் முன்மொழிவு எழுந்த பின்னரும், தாம் இட்ட எக்ஸ் கதிர் என்ற பெயரையே அவர் தொடர்ந்து வழங்கிவந்தார். பவேரிய அரசு அளித்த உயர் விருதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அதனோடு கிடைக்கக்கூடிய பிரபுப் பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார். பொதுக்கூட்ட அழைப்புகள் குவிந்தபோது, வேலை கெடுகிறதென்று தட்டிக் கழித்தார். எக்ஸ் கதிர் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் மொத்தம் மூன்றே.

இவற்றிலும் பெரியது இன்னொன்று. இக்கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தால் அவர் கோடீசுவரர் ஆகியிருக்கலாம். தொழில் நிறுவனத்தார் அவரை நாடியும் வந்தனர். பல்கலைக்கழகத்தில் கண்டறியப்படுபவை மனிதகுலம் முழுவதற்கும் உரியவை என்பது அவரது உறுதியான கொள்கை. எந்த உரிமையையும் அவர் பதிவு செய்யவில்லை. அதன் பயனாக, 1896ஆம் ஆண்டின் முதல் வாரங்களிலேயே பல நாட்டு வைத்தியர்கள் எவருக்கும் ஒரு சதமேனும் கட்டணம் செலுத்தாமல், உடலில் தைத்த ஊசியையும் முறிந்த எலும்பையும் கண்டறியத் தொடங்கினர்.

ஸ்ரொக்ஹோம் மாலை

றொன்ட்ஜன் தம் இரகசியத்தோடு ஆய்வுகூடத்தில் அடைபட்டிருந்த அதே நாட்களில், பரிஸ் மாநகரில் இன்னொரு தனிமனிதர் ஒரு தாளிலே கையொப்பமிட்டார். அவர் டைனமைற்றைக் கண்டுபிடித்த சுவீடன் நாட்டுச் செல்வர் அல்பிரட் நோபல். தம் செல்வத்தின் பெரும் பகுதியிலிருந்து வரும் வருமானத்தை, மனிதகுலத்துக்கு மிகுந்த நன்மை செய்தோருக்கு ஆண்டுதோறும் பரிசாக வழங்கவேண்டுமென்று 1895 நவம்பர் 27ஆம் திகதி அவர் மரண சாசனம் எழுதி ஒப்பமிட்டார். பச்சைத் திரை மின்னிய மாலைக்கும் இந்த ஒப்பத்துக்கும் இடையே பத்தொன்பது நாட்களே. ஒருவரையொருவர் அறியாத இருவரின் செயல்கள் ஆறு ஆண்டுகளின் பின் ஒரே மேடையில் சந்தித்தன.

நோபல் 1896 டிசம்பர் 10ஆம் திகதி காலமானார். அவரது நினைவு தினமான டிசம்பர் 10இல், 1901ஆம் ஆண்டு, ஸ்ரொக்ஹோமிலுள்ள அரச இசைக் கழகத்தின் பெரிய மண்டபத்தில் முதலாவது பரிசளிப்பு விழா நடைபெற்றது. நோபலின் சாசனத்தில் முதலிடம் பெற்ற துறை பௌதிகவியல். அதற்கான பரிசை, சுவீடனின் முடிக்குரிய இளவரசர் குஸ்ராவின் கையிலிருந்து றொன்ட்ஜன் பெற்றுக்கொண்டார். இரசாயனவியலுக்கு வான்ற் ஹோவும், மருத்துவத்துக்கு எமில் வொன் பெறிங்கும் பரிசு பெற்றனர். ஒவ்வொரு பரிசின் தொகையும் 150,782 குரோணர். அன்றிரவு கிராண்ட் ஹோட்டலின் கண்ணாடி மண்டபத்தில் விருந்து நடைபெற்றது.

பரிசு பெற்றவர் இயலுமானவரை தம் ஆய்வு குறித்துப் பகிரங்க விரிவுரை நிகழ்த்த வேண்டும் என்பது நோபல் நிறுவனத்தின் விதி. விழாவுக்குப் பின் ஆறு மாதங்களுக்குள் அதனைச் செய்யலாம். றொன்ட்ஜன் அதனைச் செய்யவேயில்லை. கூச்ச சுபாவமும், மேடைப் பேச்சில் விருப்பமின்மையும் அவருடன் பிறந்தவை. நோபல் விரிவுரைகளின் நீண்ட வரிசையில், முதற் பௌதிகவியலாளருக்குரிய இடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது.

இது குறைதான் என்று சிலர் சொல்லக்கூடும். அதில் நியாயமும் உண்டு. கற்றவர் தாம் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பது கடமையே. விழாவும் விரிவுரையும் விருந்தும் வெறும் ஆடம்பரங்கள் அல்ல. ஓர் ஆய்வாளன் ஆண்டுக்கணக்காகத் தனிமையிற் செய்த உழைப்பை, ஒரு நாடே எழுந்து நின்று மதிப்பதற்கு அவை வழி செய்கின்றன. ஆயினும் விழா முடிந்ததும் மாலையைக் கழற்றிவிட்டு, மறுநாள் வழமையான வேலைக்குத் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். றொன்ட்ஜனுக்கு அது தெரிந்திருந்தது.

பரிசுப் பணத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான ஆய்வு வளரும் பொருட்டு அதனை ஒதுக்கினார். ஒரு காலத்தில் சான்றிதழ் இல்லையென்று தம்மை ஒதுக்கிய அதே பல்கலைக்கழகத்துக்கே அவர் அதனை உரித்தாக்கினார். பின்னாளில் ஜேர்மனியைப் பீடித்த பணவீக்கத்தால் அந்நிதியின் பெறுமதி கரைந்துபோயிற்று என்பது வருந்தத்தக்க செய்தி.

விருந்தில் அமராதவர்கள்

இந்தக் கதிரின் வரலாற்றில் மறக்கக்கூடாத வேறு சிலரும் உண்டு. ஆரம்ப நாட்களில் எக்ஸ் கதிரின் ஆபத்தை எவரும் உணரவில்லை. றொன்ட்ஜன் தம் ஆய்வுகளின்போது, நிழற்படத் தகடுகளைக் காக்க நாகத் தகட்டாலும் ஈயத்தாலும் அமைத்த அடைப்பைப் பயன்படுத்தியமை அவரையும் காத்தது. மற்றவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராகக் கதிர்க் குழாய்களைப் பரிசோதித்த கிளரென்ஸ் டாலி, கைகளை இழந்து 1904இல் இறந்தார். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் இக்கதிரை மருத்துவத்தில் முதன்முதல் பயன்படுத்தியவர்களுள் ஒருவரான வைத்தியர் ஜோன் ஹோல் எட்வேட்ஸ், 1908இல் தம் இடக்கையை இழந்தார். நோயாளரின் எலும்பைத் தெளிவாகக் காண்பதற்காகத் தம் கைகளையே பலியாக்கியவர்கள் இவர்கள்.

இத்தகையோரின் நினைவாக ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், சென் ஜோர்ஜ் வைத்தியசாலைக்கு அருகே 1936இல் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. அன்று அதில் பொறிக்கப்பட்ட பெயர்கள் 169. பின்னர் இன்னும் பல சேர்ந்தன. ஸ்ரொக்ஹோம் விருந்து மேசையில் இவர்களுக்கு ஆசனம் இடப்படவில்லை. இன்று படம் எடுப்பவர் மறைப்புக்குப் பின்னே நிற்பதும், கதிரின் அளவு கணக்கிடப்படுவதும் இவர்களுடைய வேதனையிலிருந்து நாம் கற்ற பாடங்களே.

இறுதி நாட்கள்

1900இல் பவேரிய அரசின் வேண்டுகோளை ஏற்று மியூனிக் பல்கலைக்கழகத்துக்கு மாறிய றொன்ட்ஜன், 1920வரை அங்கே பணியாற்றினார். அதே மியூனிக்கில்தான் 1912இல், மக்ஸ் வொன் லவேயின் யோசனைப்படி எக்ஸ் கதிர்கள் பளிங்குகளினூடே செலுத்தப்பட்டு, அவை ஒளியைப் போன்ற அலைகள் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அப்பரிசோதனையைச் செய்த இளைஞர்களுள் ஒருவரான வோல்ற்றர் பிரிட்றிக் றொன்ட்ஜனிடம் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆசான் எக்ஸ் என்று விட்டுவைத்த கேள்விக்கு மாணவர் தலைமுறை விடை கண்டது.

குற்றங்குறை இல்லாத மனிதர் இல்லை. முதலாம் உலகப் போர் மூண்டபோது, தம் நாட்டுப் படைகளின் செயலை நியாயப்படுத்தி ஜேர்மன் அறிஞர்கள் 93 பேர் 1914 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் றொன்ட்ஜனின் பெயரும் இருந்தது. பின்னர் அதற்காக அவர் வருந்தினார். அதே போரில், மறுதரப்பில் நின்ற மேரி கியூரி அம்மையார், எக்ஸ் கதிர்க் கருவி பூட்டிய வாகனங்களைப் போர்முனைக்குக் கொண்டுசென்று காயமுற்ற வீரர்களைக் காத்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தவர் எந்த அறிக்கையில் ஒப்பமிட்டாலும், அவர் உரிமை கோராமல் விட்ட கதிர் இரு தரப்பாருக்கும் ஒன்றாகவே உதவியது.

பேர்த்தா நெடுங்காலம் நோயுற்றிருந்தார். வலி தணிக்கும் ஊசி மருந்தைக் கணவரே தம் கையால் ஏற்றிப் பராமரித்தார். உலகின் முதல் எக்ஸ் கதிர்ப் படங்களில் ஒன்றாகப் பதிந்த அந்தக் கை, 1919 ஒக்டோபர் 31ஆம் திகதி ஓய்ந்தது. பணவீக்கம் சேமிப்பை விழுங்க, முதியவர் எளிமையாகவே நாட்களைக் கழித்தார். 1923 பெப்ரவரி 10ஆம் திகதி, குடற் புற்றுநோயால் மியூனிக்கில் காலமானார். தம் கடிதங்களையும் ஆய்வுக் குறிப்புகளையும் அழித்துவிடுமாறு அவர் எழுதிவைத்திருந்தார், அவ்வாறே செய்யப்பட்டது. அவரது சாம்பல் கீசன் நகரின் பழைய இடுகாட்டில், பெற்றோரும் மனைவியும் துயிலும் இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவர் வேண்டாமென்ற புகழ் அவரைத் தேடியே வந்தது. கதிரின் அளவைக் குறிக்கும் அலகொன்று அவர் பெயரைப் பெற்றது. 111ஆம் மூலகத்துக்கு 2004ஆம் ஆண்டில் றொன்ட்ஜனியம் என்று பெயர் சூட்டப்பட்டது. நவம்பர் 8ஆம் திகதி உலகக் கதிரியல் தினமாக நினைவுகூரப்படுகின்றது.

வாசகர்களே, ஆண்டுதோறும் டிசம்பர் 10இல் ஸ்ரொக்ஹோமில் விளக்குகள் ஒளிர்கின்றன. ஏறத்தாழ 1,300 பேர் நகர மண்டபத்தில் விருந்துக்கு அமர்கின்றனர். அச்செய்தியைப் படிக்கும்போது, விரிவுரை நிகழ்த்தாமல் வீடு திரும்பிய அந்த முதற் பௌதிகவியலாளரை நினைத்துக்கொள்வோம். அவர் ஆற்றாத விரிவுரையை, அவர் விற்காமல் விட்ட கதிர் இன்றும் ஆற்றிக்கொண்டிருக்கின்றது. அடுத்த முறை உங்கள் பிள்ளையின் எக்ஸ் கதிர்ப் படத்தை வைத்தியர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பயமில்லை என்று தலையசைக்கும் அந்தக் கணத்தில், உங்கள் நன்றியில் ஒரு பங்கு அவருக்கும், ஹம்பேர்க் தூணில் பெயர் பொறிக்கப்பட்டவர்களுக்கும் உரியதாகட்டும்.